புகை போன பக்கம்

பேருந்து நிலையத்தில் முன்பதிவு வரிசை நகர மறுத்தது. முதலில் நின்றவர் சிகரெட்டை ஆழமாக இழுத்தார். பின்னால் நிற்பவர்கள் மேல் படக்கூடாதே என்று, டிக்கெட் ஜன்னலின் துவாரத்துக்குள் ஊதினார்.

உள்ளே முகம் மட்டும் தெரிந்த பெண் இருமினாள். "சார், அதைக் கொஞ்சம் அணைச்சிடுங்களேன்."

"இங்கயுமா? வீட்டுலதான் தொட முடியல. என் வீட்டுக்காரிக்கு ஏழாம் மாசம். புகை பட்டாலே குழந்தைக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. பிடிக்கணும்னா வெளியேதான்."

"எல்லாரும் அதுக்குத்தான் சார் இங்க வர்றாங்க," என்றாள் அலுப்புடன்.

"என்ன பண்றது? பிள்ளைக்காகப் பெத்தவன்தானேம்மா விட்டுக்கொடுக்கணும்?" இன்னொரு இழுப்பு, இன்னொரு ஊதல்.

டிக்கெட் மெஷினில் பேப்பர் தீர்ந்தது. புது ரோலை எடுக்க, மேஜையைப் பிடித்துக்கொண்டு அவள் மெல்ல எழுந்தாள். மறு கை வயிற்றைத் தாங்கியிருந்தது.

அவர் அவசரமாகச் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். "மன்னிச்சிடும்மா... தெரியல."

"எங்க டாக்டரும் அதையேதான் சொன்னாங்க சார். எனக்கு எட்டாம் மாசம்."

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நகர்ந்தார்.

அடுத்து வந்தவர் தனக்குப் பின்னால் நிற்பவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாக ஜன்னல் பக்கம் ஊதினார்.