பின்பக்க வட்டம்

தகட்டைத் திருப்பிப் போட்டாள். மறுபடியும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

முன்பக்கம், துளை வட்டம்.

பின்பக்கம், நெல்மணிபோல் நீண்ட கோணல்.

எழுந்தாள். உட்கார்ந்தாள். திரும்பவும் எழுந்தாள்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தகடு வாங்கச் சேலத்திலிருந்து வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் டாக்டர் பிலோமினா. குறைமாதக் குழந்தைகளைப் பார்ப்பவர். மருந்தைப் புகைபோலாக்கி அந்தக் குழந்தைகளுக்குள் அனுப்பும் கருவிக்குத்தான் இந்தத் தகடு. துளை கோணினால் மருந்துத் துளி பெரிதாகும். பெரிய துளி தொண்டையிலேயே தங்கிவிடும். நுரையீரலுக்குப் போய்ச் சேராது.

துளை போடும் லேசரின் வேகத்தில் குறையில்லை. உலோகம் சுடுவதற்குள் வெட்டி முடித்துவிடும். ஆனால் அந்த ஒளி ஒரே திசையில் அதிர்கிறது. ஆழம் போகப் போகத் துளையையும் ஒரு பக்கமாக இழுக்கிறது. அதிர்வைச் சுழலவைத்துத் துளையை வட்டமாக்கும் வில்லை போன வாரம் விரிசல் விட்டுவிட்டது. புதிது வந்தபாடில்லை.

கதவிடுக்கில் முதலாளி தலையை நீட்டினார்.

"முன்பக்கத்தை மட்டும் காட்டும்மா. யாரு திருப்பிப் பாக்கப் போறா?"

போய்விட்டார்.

அலமாரியில் வேறொரு வில்லை கிடந்தது. அது அதிர்வின் திசையை மாற்றும். தானாகச் சுழற்றாது.

தானாகச் சுழற்றாவிட்டால் என்ன?

அதைப் பொருத்தினாள். புதுத் தகட்டை வைத்தாள். ஒளி பாயத் தொடங்கியதும் வில்லையின் வளையத்தை விரல்களால் திருகினாள். நிறுத்தாமல். வேகம் கூடாமல், குறையாமல். மணிக்கட்டு கடுத்தது. விடவில்லை.

பின்பக்கமும் வட்டம்.

அவள் கொண்டுபோய்க் கொடுத்த தகட்டை டாக்டரே திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதேதான் வேணும்."

"எவ்வளவு வேணும்னு சொல்லுங்க டாக்டர்," முதலாளி முந்திக்கொண்டார். "அடுத்த மாசமே அனுப்பிடலாம்."

வட்டத்தைக் கண்டால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

"டாக்டர்," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இது ஒண்ணை மட்டும் நான் கையால திருகிப் போட்டேன். மெஷின்ல இன்னும் வரல. இதுக்கு முந்தி போட்டதெல்லாம் பின்பக்கம் கோணல்."

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது.



டாக்டர் அவளைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

"லேசர்கிட்ட போறப்ப கண்ணுக்குப் போடுற கண்ணாடி இன்னொண்ணு இருக்காம்மா? நீ திருகுறத நானும் கிட்ட நின்னு பாக்கணும்."