முசுடு அறுத்த கேபிள்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். முன்னதைப் பின்னதாகச் சொல்லி, அந்த மனுஷனை மறுபடியும் கெட்டவராக்கிவிடக் கூடாது.

எங்கள் கம்பெனி ஆற்றுக்குக் குறுக்கே நடைபாலம் கட்டிக்கொண்டிருந்தது. இரும்புக் கேபிள்களில் தொங்கும் பாலம். கேபிள்களைப் போட்டுவைத்திருந்த யார்டில் எனக்கு வேலை. ஈரம் ஏறாமல் அடியில் மரக்கட்டை வைக்க வேண்டும், தார்ப்பாய் மூட வேண்டும், மண் ஒட்டினால் துடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

யார்டுக்குப் பொறுப்பு ஸ்டோர்கீப்பர் அண்ணன். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் ‘முசுடு’.

சும்மா வைத்த பெயர் இல்லை. லாரியிலிருந்து கேபிளைச் சங்கிலி போட்டுத் தூக்கினால் கத்துவார்.

“நைலான் பெல்ட்டு எதுக்குக் கொடுத்திருக்கு? உன் பேண்ட்டை இழுத்துக் கட்டவா?”

தரையில் இழுத்துப் போனாலும் கத்துவார். சுருளை உருட்டிப் பிரிக்காமல், நுனியைப் பிடித்து இழுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

“இழுத்தா மடங்கும்யா! மடங்கினதை நிமிர்த்திட்டா கண்ணுக்குத் தெரியாது. ஆனா உள்ளே கம்பி செத்துப்போச்சு. ஒருநாள் ஆளோட அறுந்து விழும். உன் கழுத்தைத் திருகிட்டு நேரா வச்சா, நீ எழுந்து நடப்பியா?”

கிரேன்காரத் தம்பி என்னிடம் வந்து கிசுகிசுப்பான்.

“இந்தாளு வீட்டுல சோத்துத் தட்டுக்கும் அடியில கட்டை வச்சுத்தான் சாப்பிடுவார் போல, அக்கா.”

நானும் சிரித்திருக்கிறேன்.

அன்றைக்குக் கேபிள் ஏற்றும் நாள். முந்தின நாள் பெய்த மழை விட்டிருந்தது. கிரேன் தயார். இன்ஜினீயர் நிமிஷத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணன் கடைசிச் சுருளை உருட்டிப் பிரித்தார். கட்டைவிரல் பருமன் கேபிள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, வழக்கம்போல ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே வந்தார். பாதியில் கை நின்றது. திரும்பத் தடவினார். குனிந்து பார்த்தார்.

நேராகப் போய் அறுக்கும் மெஷினை எடுத்துவந்தார்.

“தள்ளி நில்லு தங்கச்சி. பொறி தெறிக்கும்.”

தள்ளி நின்றேன். புத்தம்புதுக் கேபிளை அவர் இரண்டாக அறுத்துப்போட்டார்.

“அடப்பாவி மனுஷா!” கிரேன்காரன் குதித்து இறங்கினான்.

இன்ஜினீயருக்கு முகம் சிவந்துவிட்டது. “உமக்கு என்ன, புத்தி கெட்டுப்போச்சா? அளவு கொடுத்துச் செஞ்சு வந்ததுய்யா! இன்னொண்ணு வர ரெண்டு மாசம் ஆகும்!”

“கேபிள்ல சிக்கியிருந்த கட்டுக்கம்பியை அறுக்கப் போனேன் சார். கை தவறிடுச்சு.”

“கை தவறினா ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரியா விழும்?” என்றான் கிரேன்காரன். நாலு பேர் சிரித்தார்கள்.

மத்தியானமே விசாரணை. மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தவர்கள் முகத்தில் ஒரு திருப்தி. இத்தனை வருஷம் வாங்கிய திட்டுக்கெல்லாம் கணக்குத் தீர்ந்தது போல.

“வேணும்னேதான் அறுத்தார்னு சொல்லிட்டேன் அக்கா. எத்தனை பேரைத் திட்டின வாய்!” கிரேன்காரன் என் காதில் சொல்லிவிட்டுப் போனான்.

கடைசியில் பெஞ்சில் நானும் அண்ணனும் மட்டும். ரிடையராக அவருக்கு எட்டு மாதம்தான் பாக்கி. அவரும் மனைவியும் குடியிருந்தது கம்பெனி கொடுத்த வீட்டில்.

“என்ன ஆகும் அண்ணே?”

“என்ன ஆகும்? வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க.”

அதைச் சொல்லிவிட்டு, என் வலது உள்ளங்கையைப் பார்த்தார். அதில் நீளமாக ஒரு கீறல்.

“இனிமே மழை வந்தா, ஒத்தை ஆளா சுருளை இழுக்காதே தங்கச்சி. யாரையாவது கூப்பிடு.”

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

முந்தின சாயங்காலம் திடீரென்று மழை கொட்டியது. யார்டில் நான் மட்டும். ஒரு சுருள் கட்டையிலிருந்து நழுவித் தண்ணீரில் கிடப்பதைப் பார்த்ததும் பதறிப்போய், நுனியைப் பிடித்து இழுத்தேன். கம்பி உள்ளங்கையைக் கிழித்தது. மடங்கிவிட்டது. ஏறி மிதித்து நிமிர்த்தினேன். கிரீஸ் தடவினேன். தார்ப்பாயை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

“மடங்கியிருக்குன்னு சொல்லியிருக்கலாமே அண்ணே…”

“சொன்னா, யாருன்னு கேட்பாங்க. சொல்லாம விட்டா, அதையே மேலே ஏத்திடுவாங்க. நாளைக்குக் குழந்தை குட்டியோட ஜனங்க நடக்கிற பாலம்.”

உள்ளே போய் இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று அவர் கேட்கவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜர் நாற்காலியைக் காட்டினார்.

“பயப்படாம சொல்லும்மா. யார்டுல கூடவே இருக்கிறது நீதான். அறுக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கேபிள்ல ஏதாவது பழுது இருந்துச்சா? இருந்துச்சுன்னா சொல்லு. அவர் மேல தப்பில்லைன்னு எழுதிடறேன்.”

கதவு திறந்தே இருந்தது. பெஞ்சில் அண்ணனுடைய குனிந்த முதுகு தெரிந்தது. என் கூலியை நம்பி வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் வீட்டுக்காரரின் முகமும் தெரிந்தது.

உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.

“இல்லீங்க சார். நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன். மேனேஜர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.