கொல்லைமேட்டில் ஒரு நிமிடம்

ஐம்பத்தெட்டாம் வருடம் தை மாதம், கொல்லைமேட்டில் பாசஞ்சர் வண்டி முதன்முதலாக நின்றபோது ஊரே தண்டவாளத்தோரம் திரண்டிருந்தது.

மேளம், தேங்காய், கற்பூரம். இஞ்சினுக்கு ஆளுயர மாலை. டிரைவருக்கு நெற்றி நிறைய விபூதி.

நான் கார்டு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகப் போகும் இந்த வண்டியில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். இந்த ஊரை நிற்காமலே கடந்தவன். ரயில்வே கேட்டில் காத்திருக்கும் மாட்டுவண்டிகளைப் பார்த்துப் பச்சைக்கொடியை ஆட்டுவேன். பிள்ளைகள் சிரிக்கும்.

இனி ஒரு நிமிடம் நிற்கும். அதுவும் மூன்று மாதத்துக்குத்தான். ஆள் ஏறாவிட்டால் நிறுத்தம் ரத்து. எத்தனை பேர் ஏறினார்கள் என்று நான்தான் தினமும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒருவர்கூட ஏறவில்லை.

“யாரும் ஏறலையா?” என்று கத்தினேன்.

“நாங்க ரயிலைப் பாக்க வந்தோம் சார்” என்றார் இஞ்சினுக்கு மாலை போட்ட பெரியசாமி, பல்லெல்லாம் தெரிய.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. ஊரைக் கூட்டிக் கல்யாணம் வைத்துவிட்டு மாப்பிள்ளையை மறந்த கதைதான்.

விசிலை வாயில் வைத்தேன். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு துரைக்கண்ணு வந்தார். இந்த நிறுத்தத்துக்காகப் பன்னிரண்டு வருடம் மனுமேல் மனு போட்டவர். டிக்கெட்டை எடுத்துக் காட்டிவிட்டு, என் பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஏறினார்.

ஏறியவர் ஒருவர் என்று எழுதினேன். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

திண்டிவனத்தில் இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

“கார்டு சார், எங்க ஊர்லேர்ந்து வர எத்தினி நிமிசம் ஆச்சுங்க?”

“இருபத்தஞ்சு” என்றேன், பெருமையாக.

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இஞ்சின் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது.

“பன்னெண்டு வருசத்துக்கு முன்ன, பிரசவ வலியில துடிச்சிக்கினு இருந்த என் சம்சாரத்த மாட்டுவண்டில போட்டு, இங்க பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வந்தேன் சார். கேட்டு மூடியிருந்துச்சு. இந்த ரயிலு போவட்டும்னு நின்னோம். கேட்டைத் தொறந்தப்போ அவளுக்கு உசுரு இல்ல.”

 என் கையில் பச்சைக்கொடி இருந்தது.

அன்றும் ஆட்டியிருப்பேன்.