நிறுத்தாத கேமரா

என்ன ரகளை நடந்தாலும் கேமராவை நிறுத்த மாட்டேன் என்பதுதான் சரிதா போட்ட ஒரே நிபந்தனை. உடையப்போகும் ராக் இசைக்குழுவை ஆவணப்படம் எடுக்க வந்தவள் அவள். அவர்கள் ஒத்திகை பார்க்கும் செம்பாக்கத்து மாடியறையில் உடைசலுக்குப் பஞ்சமில்லை.

அன்றும் சரணத்தில் பாடகன் டெனிஸ் உச்சஸ்தாயியைத் தொடப்போன நேரம், கிடார் வாசித்த ஜாய்சன் வயரைப் பிடுங்கி எறிந்தான்.

"நீ மட்டும்தான் பேண்டா? எல்லாத்துலயும் உன் மூஞ்சிதான் தெரியணுமா?"

"அப்ப நீயே பாடிக்கோ. நான் விலகிக்கிறேன்." டெனிஸ் மைக்கைத் தள்ளிவிட்டு வெளியேறினான்.

லட்டு மாதிரிக் காட்சி. சாயங்காலம் எல்லாப் பதிவுகளையும் ஓட்டிப் பார்த்த சரிதாவுக்குத்தான் உறுத்தியது. ஐந்து நாளில் ஐந்து சண்டை. ஐந்தையும் ஆரம்பித்தவன் ஜாய்சன். ஐந்தும் அதே வரிக்கு முன்னால்.

மறுநாள் மாடிப்படியிலேயே அவனை மடக்கினாள்.

"டெனிஸ் பாடறது உனக்குப் பொறுக்கலை. அதானே?"

ஜாய்சன் மேலே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"அவன் தொண்டையில கட்டி, அக்கா. டாக்டர் சீட்டைப் பார்த்துட்டேன். ஹை பிட்ச் போனா குரல் உடைஞ்சுடும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்கான். அது உங்க படத்துல வந்துட்டா, காலத்துக்கும் அதுதான் நிக்கும்."

சரிதா கேமராவைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

எப்படியோ சமாதானமாகி டெனிஸும் வந்து சேர்ந்தான். ஒத்திகை தொடங்கியது. சரணம் நெருங்கியது. டெனிஸ் கண்களை மூடி மூச்சை இழுத்தான். ஜாய்சனின் கை வயரை நோக்கிப் போனது.

"கட்," என்றாள் சரிதா. "பேட்டரி தீர்ந்துபோச்சு."

கேமராத் திரை நூறு சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது.