வெறும் தோல்

இன்றைக்குத் தமிழ்ப்ரியா தனியாக வரவில்லை.

கூடவே ஒரு ஸார். கையில் உறை மாட்டிக்கொண்டே என் ஜூஸ் கடைக்குள் நுழைந்தார். தேவராஜ மார்க்கெட்டின் பின்பக்கம் பதினோரு வருஷமாகக் கடை போட்டிருக்கிறேன். அசிங்கத்தைத் தொடப் போகிற மாதிரி உள்ளே வந்த முதல் ஆள் அவர்தான். எனக்கு எப்படி இருக்கும்?

அந்தப் பிள்ளைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தமிழ்ப்ரியா எங்கள் ஊர் ராமாபுரத்துப் பக்கம். இங்கே ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். நான் குப்பையில் கொட்டுகிற ஆரஞ்சுத் தோலைத் தினம் மத்தியானம் வந்து பையில் வாங்கிப் போவாள். காயவைத்து, அரைத்து, அதிலிருந்து ஏதோ சத்தைப் பிரித்தெடுக்கிறாளாம். உடம்பைக் கெடவிடாமல் காக்கிற சத்து. நாளைக்கு அது மருந்தாகும், குழந்தைகள்கூடச் சாப்பிடலாம் என்று முதல் நாளே சொன்னாள். மாடுகூட முகர்ந்துவிட்டுப் போகிற தோல் மருந்தாகிறது என்றால் சும்மாவா? எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

மூன்று வருஷம். மழை கொட்டினாலும் ஒரு நாள் தவறவில்லை, அவளும் நானும்.

என் உள்ளங்கை மஞ்சளேறிக் கிடப்பதைப் பார்த்து, ஆரஞ்சு உரித்தே இப்படி ஆகிவிட்டதே, நல்ல சோப்பு வாங்கித் தரட்டுமா என்று கேலி செய்வாள்.

அவளுடைய அப்பா கெம்பையன் போன தை மாதம் வந்தபோது என் கடையில்தான் உட்கார்ந்திருந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, இது வேற டாக்டர் என்று நான்தான் அவருக்குப் புரியவைத்தேன். எந்த டாக்டராக இருந்தால் என்ன, ஊர் முக்கில் பேனர் வைக்க மகள் படத்தை எடுத்து வைத்துவிட்டேன் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அவள் எழுதியது பெரிய புத்தகம் ஒன்றில் வந்திருந்தது. இந்தத் தோலில் மற்ற இடத்துத் தோலைவிட நாலு மடங்கு சத்து இருக்கிறதாம். எனக்கு ஆச்சரியமே இல்லை. நான் ஒவ்வொரு பழமாகப் பார்த்து எடுக்கிறவள்.

பிறகுதான் சனியன் பிடித்தது. அவளுடைய நிலையத்திலேயே வேறு ஆட்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும், இதே மார்க்கெட்டில் நாலு கடையிலும் தோல் வாங்கி, அவள் செய்தபடியே செய்து பார்த்தார்கள். ஒன்றிலும் அந்த அளவு வரவில்லை. இல்லாததை இருப்பதாக எழுதிவிட்டாள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்றைக்கு நிலையத்திலிருந்து வந்த அந்த ஸார் என் கடைத் தோலையே தன் கண்ணெதிரே உரிக்கவைத்து எடுத்துப் போய், தானே சோதிக்கப் போகிறார். இதிலும் வரவில்லை என்றால் பட்டம் கிடையாது. பொய்க்காரி என்ற பெயரோடு மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

நேற்றே இதைச் சொல்லி அழுதாள். என் கடைத் தோல் உன்னைக் கைவிடாது, போய்ச் சாப்பிடு என்று அனுப்பினேன்.

ஸார் கன்னடத்தில் சொல்லச் சொல்ல நான் உரித்தேன். கத்தியும் அவர் கொண்டுவந்தது. பலகையை அவரே துடைத்தார். தோல் விழுவதற்குள் கையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு தோலை எடுக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டார். திருடியைத் தள்ளுகிற மாதிரி.

பையின் வாயை ஒட்டும்போது தமிழ்ப்ரியா என் பக்கம் திரும்பினாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“அக்கா, மறைக்காமச் சொல்லுங்க. இத்தன நாளும் தோல்ல நீங்க எதையாச்சும் சேத்தீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. கலப்படக்காரியா நான்? அதுவும் இவள் வாயாலேயே கேட்க வேண்டுமா?

“எம் பையன் மேல சத்தியம் கண்ணு. ஒண்ணுமே சேக்கல.”

கேட்டதும் அவள் முகம் தெளியும் என்று பார்த்தேன். அதில் இருந்த கொஞ்சநஞ்ச உயிரும் போய்விட்டது. ஆமாம் என்று சொல்லமாட்டேனா என்று ஏங்கினவள் போல என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன பிள்ளையோ.

ஸார் ஒரு காகிதத்தை நீட்டினார். கடைக்காரி தோலில் எதையும் சேர்த்ததில்லை என்று அதில் எழுதியிருக்கிறதாம். பாப்பாயி என்று தமிழில் அழுத்தமாகவே கையெழுத்துப் போட்டேன். இதாவது அவளுக்கு உதவட்டும்.

இரண்டு பேரும் கார் ஏறினார்கள். போய் வருகிறேன் என்றுகூட அவள் சொல்லவில்லை.

பலகையை எடுக்கக் குனிந்தபோதுதான் மேசைக்கு அடியில் வாளி காலில் இடித்தது.

காலையில் கரைத்து வைத்த மஞ்சள் தண்ணீர் அப்படியே இருந்தது. அண்ணன் காட்டில் விளைந்த மஞ்சள், நானே மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்த பொடி. தெருவோரக் கடை, ஈ மொய்க்கும். குழந்தைகள் வாய்க்குப் போகிற பொருள் சுத்தபத்தமாக இருக்க வேண்டாமா? முதல் நாளிலிருந்து ஒரு தோலைக்கூட அந்த வாளியில் முக்கியெடுக்காமல் அவளிடம் கொடுத்ததில்லை. இதையெல்லாம் சொல்லிக் காட்டிக்கொண்டா செய்வார்கள்?

இன்றைக்கு அந்த ஆள் பக்கத்திலேயே நின்று மிரட்டியதில் அடியோடு மறந்துபோனேன்.

பிள்ளைக்கு நல்லபடியாக வர வேண்டிய நாள் பார்த்து, வெறும் தோலைக் கொடுத்தனுப்பிவிட்டேன்.