பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில்

இப்போதெல்லாம் எவனும் தன் வேலையைப் பார்ப்பதில்லை. அடுத்தவன் வேலையில் கருத்துச் சொல்வதே வேலையாகிவிட்டது.

போன வருசம் ரக்பி என்றால் கொசு மருந்தா என்று கேட்டவனெல்லாம் இன்று இந்திய டீமுக்கு ஆள் எடுக்கிறான்.

தாயில்பட்டி பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பிளெக்ஸில் என் பேத்தி வேல்விழி, பன்னிரண்டாம் நம்பர் சட்டையில். இந்தியப் பெண்கள் ரக்பி டீமில் அவள் பேர் வந்திருக்கிறது என்று காலையில்தான் சேதி வந்தது. மத்தியானத்துக்குள் பிளெக்ஸும் வந்துவிட்டது. சிவகாசி பக்கத்தில் இருந்தால் இதுதான் வசதி.

கூடவே பதின்மூன்றாம் நம்பர், சுலோச்சனா என்று ஒரு ஒடிசாக்காரப் பிள்ளை. ஆட்டத்தில் நடுவில் நிற்கிற ஜோடி இந்த இரண்டு பேரும்தான். ஒருத்தி மோதி வழி திறக்கணும், மற்றவள் அதில் புகுந்து ஓடணும். வேல்விழி சொல்லியிருக்கிறாள்.

இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு பேரையும்விடப் பெரிதாக, பட்டாசுக் கம்பெனி முதலாளி சங்கரலிங்கம்.

கை வேல்விழியின் தோளில். வாய் அவள் காதருகே, ஏதோ யோசனை சொல்வதுபோல. கம்ப்யூட்டரில் ஒட்டியது. நேரில் அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

“கோச்சுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு போல,” என்றார் முதலாளி. “பீகார்க்காரி ஒருத்தி இருந்தாளே, ரோடு ரோலர் மாதிரி. அவளை விட்டுட்டு இந்த ஒடிசாச் சோளத்தட்டையைச் சேத்திருக்கான். வாய்தான் இருக்கு இவளுக்கு. ஆட்டம் முடியுற வரைக்கும் கத்திக்கிட்டே இருக்கா.”

“கிஃப்ட் பாக்ஸ் மாதிரிதான் மொதலாளி,” என்றான் போர்மேன் ராஜபாண்டியன். “ஓடுற சரக்கோட ஓடாத சரக்கையும் உள்ள தள்ளி ஒட்டிருவோம்ல.”

முதலாளி சிரித்தார். உடனே எல்லோரும் சிரித்தார்கள்.

ஏணியில் நின்ற மணிமுத்துவும் பீகார்க்காரிக்குத்தான் ஓட்டு என்று கையைத் தூக்கினான். பிடித்திருந்த கயிறு நழுவி, நாட்டின் நடு ஜோடி ஒரு பக்கமாகத் தொங்கியது.

“அது கெடக்கட்டும் சங்கிலிமுத்து,” என்று என் பக்கம் திரும்பினார் முதலாளி. “ஒம் பேத்தி ஆட்டத்தப் போன்ல பாத்தேன். பந்து எந்தப் பக்கம் போனாலும் இவ இடது ஓரமாவே நிக்கா. அது என்ன ஸ்டைலா?”

“பழக்கம்,” என்றேன்.

அதற்குமேல் நான் சொல்வதில்லை. அந்தச் சங்கதி வெளியே தெரிந்தால் டீமிலிருந்து கழித்துவிடுவார்கள். எவரிடமும் மூச்சு விடாதே, பல்லைக் காட்டிப் பேசுகிறவனிடம் விடவே விடாதே என்று அவளிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

சட்டைப்பையில் போன் அடித்தது. அவள்தான்.

“தாத்தா, கோச் சார்ட்ட சொல்லிட்டேன்.”

ரோட்டோரமாகத் தள்ளிப்போய் நின்றேன்.

“கூறுகெட்டவளே, எப்பச் சொன்ன?”

“டீம் போடுறதுக்கு முந்தியே. அதான் சுலோச்சனாவப் போட்டிருக்காரு. கேம்ப்லயே பெரிய தொண்டை அவளுக்குத்தான். எப்பவும் எனக்கு வலது கைப் பக்கமே நிக்கணும், வாய மூடவே கூடாதுன்னு அவட்ட சொல்லிருக்காரு.”

“நீ சொன்னதும் அவரு என்ன செஞ்சாரு?”

“சிரிச்சாரு தாத்தா. இம்புட்டுத்தானான்னு கேட்டாரு.”

“சிரிச்சானா? அப்ப நம்பாத ஆத்தா.”

“ஒங்களுக்கு யாரத்தான் நம்பத் தெரியும்,” என்று வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தேன். பிளெக்ஸை நேராக்கிக் கட்டிவிட்டார்கள். சுலோச்சனா, முதலாளிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“அந்தப் பிள்ளைய இந்தப் பக்கம் மாத்துங்க,” என்றேன். “வேல்விழிக்கு வலது கைப் பக்கம்.”

“பிளெக்ஸ்ல எங்கன நின்னா என்னப்பா?” என்றார் முதலாளி. “பொம்பளப் பிள்ளைக ரெண்டும் சேந்து நின்னா அப்புறம் நான் எங்கன நிக்க?”

எட்டு வயதில் ஒரு சாயங்காலம், அம்மா வேலை விட்டு வருவாள் என்று வேல்விழி இவர் கம்பெனிக்குப் பின்னால் பொட்டலில் நின்றாள். புது வெடியைப் போட்டுச் சத்தம் பார்க்கிற இடம். வேலி கிடையாது. தள்ளிப் போ என்று சொல்ல ஆளும் கிடையாது.

வெடி அவளுக்கு இடது பக்கம் வெடித்தது.

அன்றைக்கு இதே முதலாளிதான் வந்து பார்த்தார். சிரித்தார். “பிள்ள பயந்திருக்கு, நாலு நாள்ல சரியாப் போயிரும்,” என்றார்.

இன்றைக்கு என்னிடம் ஸ்டைலா என்று கேட்கிறார். நடிப்பு இல்லை. நிசமாகவே மறந்துவிட்டார்.

கோச்சுக்கே தெரிந்துவிட்டது. இனி யாருக்கு மறைக்க?

“அங்கனயே நில்லுங்க மொதலாளி,” என்றேன். “ஒங்களுக்கு அதான் சரியான எடம். அந்தக் காதுல நீங்க என்ன சொன்னாலும் அவளுக்குக் கேக்காது.”

முதலாளி சிரிக்கவில்லை. அதனால் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

யாரோ அவசரமாகச் சரவெடியைப் பற்றவைத்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

கோச் நல்லவர் என்கிறாள். இருக்கட்டும். முதலில் ஒரு ஆட்டம் தோற்கட்டும். அதற்குப் பிறகும் அந்த ஒடிசாக்காரப் பிள்ளை இவளுக்கு வலது கைப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தால், அப்போது யோசிக்கலாம்.