தோற்றவர் டீ போட வேண்டும்

மாப்பிள்ளை வந்ததும் வராததுமாக, தன்னிடம் இருந்த மாமனார் வீட்டுச் சாவியை டிவிக்குப் பக்கத்தில் வைத்தான்.

மாமனார் அதைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி, "உட்காருங்க மாப்ள" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஒரு வாரம் ஆகிறது. இனி அப்படிக் கூப்பிடலாமா கூடாதா என்று யாரைப் போய்க் கேட்பது?

மகள் வேலையை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் மேலும் தப்பில்லை, இவன் மேலும் தப்பில்லை. ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அதைக்கூட அவர் எப்படியோ விழுங்கிவிட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் விழுங்க முடியவில்லை. இவனும் வராவிட்டால் இந்த வீட்டில் அவர் யாரோடு சண்டை போடுவார்?

கல்யாணமான நாள் முதல் ஞாயிறு மதியம் இரண்டு பேருக்கும் ஒரே வேலை. எந்தக் காலத்து நடிகன் பெரிய நடிகன் என்று அடித்துக்கொள்வது. தோற்றவர் டீ போட வேண்டும் என்பது பேச்சு. இன்றுவரை ஒருவரும் தோற்கவில்லை. மகள்தான் இருவரையும் திட்டிக்கொண்டே போட்டுக் கொடுப்பாள். அவள் போன பிறகு டீயே கிடையாது, வறண்ட தொண்டையோடுதான் சண்டை.

அவர் பஸ் ஓட்டியவர். இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய ஆள். அவருக்குக் கறுப்பு வெள்ளைக் காலத்துப் பெரியவர்தான் நடிகர். மாப்பிள்ளை காது மிஷின் பொருத்துகிறவன். நாள் முழுக்கக் கண்ணாடி அறைக்குள் மெல்லிய சத்தங்களோடு குடித்தனம். அவனுக்கு இந்தக் காலத்துப் பையன். அந்தப் பையனுக்கு அவர் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். பெரியவருக்கு இவன் வைத்த பெயர் மைக்செட்.

இன்றைக்குச் சரியான மோதல். பெரியவர் நடித்த பழைய படத்தையே பையன் புதிதாக நடித்திருக்கிறான். மகன் இனி வரவே மாட்டான் என்று ஓர் ஆள் வந்து தகப்பனிடம் சொல்கிற கட்டம்.

மாப்பிள்ளை முதலில் பையனைத் தன் போனில் காட்டினான். பையன் சேதியைக் கேட்டான். சேதி கொண்டுவந்த ஆளைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்றான். அதோடு சரி.

"இதுக்குப் பேரு நடிப்பா? பெத்த வயிறு பத்தி எரிய வேணாமா?"

"நடிக்கிறதே தெரியக் கூடாது மாமா. அதுதான் நடிப்பு."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள், பழைய படத்தின் சிடியை அவனே டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டான்.

திரையில் பெரியவர் தூணைப் பிடித்தார். கன்னம் துடித்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எழுப்பினார் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை அந்த இடத்திலேயே படத்தை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டை எடுத்தான்.

"வர்றேன் மாமா."

வாசல் வரை போனார். இனிமேலும் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பெரியவராக இருந்தால் இந்நேரம் மூச்சுவிடாமல் நான்கு பக்க வசனம் பேசியிருப்பார். இவருக்குக் கடைசியில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"சாப்பிட்டீங்களா?"

சொன்ன பிறகுதான், அது யார் வசனம் என்று அவருக்கே உறைத்தது. மாப்பிள்ளை சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

மானம் போனது போனதுதான் என்று உள்ளே ஓடினார். சிடி டப்பாவை எடுத்துவந்து அவன் பையில் திணித்தார். முழுசாகப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று கறாராகச் சொன்னார். இரவல் வாங்கியவன் வந்துதானே ஆக வேண்டும்?

"முழுசா பாத்துட்டு வர்ற ஞாயிறு கொண்டுவந்து தர்றேன் மாமா" என்றான் அவன்.

வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தார். பெரியவர் இன்னும் வாயைத் திறந்தபடி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவருக்குப் பகீர் என்றது. சிடி இங்கேயே மிஷினுக்குள் கிடக்கிறது. கொடுத்தனுப்பியது வெறும் டப்பா. அட, கிறுக்கா! காலி டப்பாவைத் திருப்பித் தர எவனாவது மெனக்கெட்டு வருவானா?

கொஞ்ச நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் இன்னொன்று ஞாபகம் வந்தது.

சிடியை டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டவனே அவன்தான்.

அவனுக்குத் தெரியும். பையில் திணித்தபோதே தெரியும். முகத்தில் ஒரு ரோமம்கூட அசையாமல், முழுசாகப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், படுபாவி.

சாவி டிவிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கிடக்கட்டும். அவன் வந்து கதவைத் தட்டினால் திறப்பதற்கு இங்கே ஆள் இருக்கிறது.

"மன்னிச்சுக்குங்க ஐயா" என்று டிவியிலிருந்த பெரியவரிடம் சொல்லிவிட்டு, மாமனார் டீ போட எழுந்தார்.